பவர் கப்ளர் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோவேவ் படித்துவிட்டு முடுக்கி ஆய்வகங்களுக்கு வருபவர்கள், வெற்றிடத் துறையிலிருந்து ஆர்எஃப் (ரேடியோ அலை) பக்கம் மாறுபவர்கள், புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என எல்லோரும் கப்ளரைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

1. பவர் கப்ளர் என்றால் என்ன? கிளிஸ்ட்ரானிலிருந்து வரும் வேவ்கைடை அப்படியே கேவிட்டியில் மாட்டிவிட்டால் ஆகாதா?

கேவிட்டி என்பது ரேடியோ அலையை உள்ளே தேக்கி, அதன் மின்புலத்தால் துகள்களை முடுக்கும் உலோகக் கூடு. அலையை உண்டாக்கும் கிளிஸ்ட்ரான் பல மீட்டர் தள்ளி, அறை வெப்பநிலையில் இருக்கிறது. அங்கிருந்து அலையைக் கொண்டுவரும் உலோகக் குழாயான வேவ்கைடில் சாதாரணக் காற்று. கேவிட்டிக்குள்ளோ மிகு வெற்றிடம். அது மீக்கடத்திக் கேவிட்டி என்றால் 2 கெல்வின் அல்லது 4.5 கெல்வின் குளிர் வேறு.

ஆகவே வேவ்கைடையும் கேவிட்டியையும் இணைக்கும் பாகமான கப்ளர் நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: பவரைக் குறைவில்லாமல் உள்ளே அனுப்புவது, காற்றை வெளியிலேயே நிறுத்துவது, வெப்பத்தை உள்ளே விடாமல் இருப்பது, ஒரு துளி தூசியையும் கேவிட்டிக்குள் உதிர்க்காமல் இருப்பது. சிக்கல் என்னவென்றால் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பவருக்கு நல்லது வெப்பத்துக்குக் கெட்டது. காற்றைத் தடுக்க வைக்கும் செராமிக்கே எலக்ட்ரான் தொல்லைக்கும் இடம் கொடுக்கும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த இழுபறியைப் பற்றியதுதான்.

2. லூப், ஆன்டெனா, வேவ்கைடு என்று மூன்று வகை சொல்கிறார்கள். எதை எப்போது எடுப்பது?

கம்பி வளையமான லூப் காந்தப்புலத்தைப் பிடிக்கும். செம்புக் கேவிட்டிகளில், சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை, அதிகம் பார்க்கலாம். மீக்கடத்திக் கேவிட்டிகளில் பெரும்பாலும் கோஆக்சியல் (குழாய்க்கு நடுவே கம்பி ஓடும்) ஆன்டெனாதான். கேவிட்டியை ஒட்டிய பீம் (துகள் கற்றை) குழாயில் துளையிட்டு, மின்புலத்துக்குள் நீட்டுவார்கள். கேவிட்டியின் சுவரைத் தொடாமல் வேலை முடிந்துவிடுகிறது. ஹாம்பர்க்கின் ஐரோப்பிய எக்ஸ்ஃபெல், ஜெனீவாவின் எல்எச்சி, அமெரிக்காவின் எஸ்என்எஸ் ஆகிய முடுக்கிகள் எல்லாம் இந்த வகை.

வேவ்கைடு கப்ளரில் நடுக்கம்பி இல்லை. அதைக் குளிர்விக்கும் தலைவலியும் இல்லை. ஆனால் உருவம் பெரியது, குளிர்ப்பகுதிக்குள் வெப்பத்தைக் கொண்டுவரும் சுவரும் அதிகம். ஜெஃபர்சன் ஆய்வகத்தின் 1.5 கிகாஹெர்ட்ஸ் கேவிட்டிகளில் இந்த வகை பயன்பட்டது.

3. மேட்சிங் என்றால் பீட்டா 1 தானே? ஏன் உங்கள் வரைபடத்தில் 3 என்று இருக்கிறது?

பீட்டா என்பது கேவிட்டியின் சொந்த க்யூ மதிப்பை (ஆற்றலை எவ்வளவு நேரம் தேக்கிவைக்கும் என்பதன் அளவு) வெளி க்யூவால் வகுத்தால் வருவது. வெளி க்யூ, கப்ளர் வழியாக ஆற்றல் எவ்வளவு வேகமாகக் கசியும் என்பதன் அளவு. அது சிறியதானால் கப்ளிங் வலுவானது. கேவிட்டி வெறுமையாக இருந்தால் பீட்டா 1-இல் எதிரொளிப்பு இருக்காது, அதாவது அனுப்பிய பவர் திரும்பி வராது; மேட்சிங் என்பது இதுதான். சோதனை மேசையில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் இயந்திரத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

பீம் ஓடும்போது அதுவும் பவரை எடுக்கிறது. அப்போது பீட்டா = 1 + (பீம் எடுக்கும் பவர் ÷ சுவரில் வீணாகும் பவர்). சுவரில் 50 கிலோவாட், பீமுக்கு 100 கிலோவாட் என்றால் பீட்டா 3. இதே கேவிட்டியில் பீம் இல்லாதபோது அனுப்பும் பவரில் கால்பங்கு திரும்பி வரும். அது தவறில்லை. நாம் மேட்ச் செய்வது ஓடும் இயந்திரத்துக்கு.

4. மீக்கடத்திக் கேவிட்டியில் சுவர் இழப்பே கிடையாதே. அங்கே வெளி க்யூ எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது?

சுவர் இழப்பைச் சுத்தமாக மறந்துவிட்டு, பீமிலிருந்து தொடங்குங்கள். பீம் அலையின் உச்சியில் செல்கிறது என்று வைத்தால், கேவிட்டி மின்னழுத்தத்தை 'ஆர்/க்யூ × பீம் மின்னோட்டம்' என்ற பெருக்கத்தொகையால் வகுத்தால் தேவையான வெளி க்யூ வந்துவிடும் (ஆர்/க்யூ என்பது கேவிட்டியின் வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்).

ஐரோப்பிய எக்ஸ்ஃபெல்லில் போட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 23.6 மெகாவோல்ட், 9 செல் (அறை) கொண்ட கேவிட்டியின் நீளம் சுமார் 1.04 மீட்டர், ஆக 24.5 மெகாவோல்ட். ஆர்/க்யூ 1036 ஓம், வடிவமைப்பு மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர். விடை 47 லட்சம். அந்த இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு 46 லட்சம். பவர் 24.5 மெகாவோல்ட் × 5 மில்லிஆம்பியர், அதாவது ஏறக்குறைய 120 கிலோவாட். கேவிட்டியின் சொந்த க்யூ 1000 கோடி அளவில் இருப்பதால் பீட்டா 2000-ஐத் தாண்டுகிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

5. ஆன்டெனாவை எவ்வளவு ஆழம் நீட்டுவது? ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்?

பீம் குழாயின் வெட்டு அதிர்வெண் (இதற்குக் கீழான அலை குழாயில் ஓடாது) கேவிட்டியின் அதிர்வெண்ணைவிட அதிகம். அதனால் கேவிட்டியிலிருந்து குழாய்க்குள் புலம் அடுக்குக்குறி வேகத்தில் தேயும். 78 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 1.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, கப்ளர் துளையை 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே வெளி க்யூ ஏறக்குறைய 3 மடங்காகிவிடும். ஆன்டெனாவின் ஆழமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது பத்துப் பதினைந்து சதவீத விஷயம்.

எக்ஸ்ஃபெல்லில் இருக்கும் டிடிஎஃப்-3 கப்ளரில் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான, நெகிழும் உலோகக் குழாய்) வைத்து ஆன்டெனாவை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். வெளி க்யூவை 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை மாற்ற முடியும். எல்எச்சியின் 400 மெகாஹெர்ட்ஸ் கப்ளரும் நகரக்கூடியது: பீமை உள்ளே விடும்போது 20,000, மோதலின்போது 60,000 என்பது அதன் வடிவமைப்பு. ஒரே மின்னோட்டத்தில் காலமெல்லாம் ஓடப்போகும் இயந்திரம் என்றால் நகராத கப்ளரே மேல் என்பது என் கருத்து. நகரும் பாகம் எதுவானாலும் பெல்லோஸ் கூடும், முலாம் பூசச் சிரமம் கூடும், விலையும் கூடும்.

6. பீம் இல்லாதபோது மீக்கடத்திக் கேவிட்டிக்கு அனுப்பும் பவர் எங்கே போகிறது?

ஏறக்குறைய முழுவதும் திரும்பி வருகிறது. கிளிஸ்ட்ரானைக் காப்பாற்ற வழியில் ஒரு சர்க்குலேட்டர் இருக்கும். திரும்பும் பவர் அங்கிருந்து திசைமாறி, நீர் குளிர்விக்கும் லோடில் (பவரை உறிஞ்சும் பாகத்தில்) முடியும். ஆனால் கப்ளருக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. போகும் அலையும் வரும் அலையும் சேர்ந்து நிலையலை உண்டாகி, சில இடங்களில் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். இரு மடங்கு மின்னழுத்தம் என்றால் அந்த இடத்துக்கு 4 மடங்கு பவர் போனதற்குச் சமம். கப்ளருக்குத் தாங்குதிறன் எழுதும்போது 'முழு எதிரொளிப்பிலும்' என்ற சொல்லைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

துடிப்பு முறையில் ஓடும் கேவிட்டியில் இன்னொரு சுவாரசியம் உண்டு. 4-ஆம் கேள்வியின் எண்களையே எடுத்தால், கேவிட்டி நிரம்பும் நேரமாறிலி 1.1 மில்லிநொடிக்குச் சற்று மேல். துடிப்பு தொடங்கும் கணத்தில் முழு எதிரொளிப்பு. அது படிப்படியாகக் குறைந்து, சுமார் 0.78 மில்லிநொடியில் பூச்சியத்தைத் தொடும். சரியாக அந்தக் கணத்தில் பீமை விட்டால் எதிரொளிப்பு பூச்சியத்திலேயே நிற்கும். பீமை விடாமல் பவரை மட்டும் நீட்டினால் எதிரொளிப்பு மறுபடி ஏறும். அப்புறம் திடீரென்று பவரை அணைத்தால், அந்தக் கணத்தில் திரும்பி வருவது அனுப்பிய பவரைப் போல் 4 மடங்கு வரை போகலாம்.

7. செராமிக் விண்டோவுக்கு ஏன் எப்போதும் அலுமினா? எங்கே வைப்பது?

விண்டோ என்பது அலையை உள்ளே விட்டு, காற்றைத் தடுக்கும் செராமிக் தடுப்பு. அலுமினா வலுவானது, இழப்பு குறைவு, உலோகத்தோடு பிரேசிங் (உருக்கிய உலோகத்தால் ஒட்டுதல்) செய்யும் முறை பல பத்தாண்டுகளாகத் தேறிய முறை. அதன் மின்காப்பு மாறிலி 9-க்கு மேல் என்பதால் அலைக்கு அது ஒரு தடை. விண்டோவின் இருபுறமும் கம்பி, குழாய் விட்டங்களை மாற்றி அதை ஈடுகட்டுவார்கள். ஜப்பானின் கேஇகே ஆய்வகம் தட்டு வடிவ விண்டோவைச் சுற்றி சோக் (எதிரொளிப்பை ஈடுகட்டும் உலோக அமைப்பு) அமைத்தது. டிடிஎஃப்-3 கப்ளரும் எல்எச்சி கப்ளரும் உருளை வடிவம்.

இடம் பற்றிய கேள்விக்கு ஜெஃபர்சன் ஆய்வகத்தின் அனுபவமே நல்ல பதில். அங்கே பழைய வடிவமைப்பில் குளிர்ந்த செராமிக் விண்டோ கேவிட்டிக்கு மிக அருகில் இருந்தது. கேவிட்டிச் சுவரிலிருந்து புல உமிழ்வால் (வலுவான மின்புலம் இழுப்பதால்) கிளம்பிய எலக்ட்ரான்கள் செராமிக்கில் மின்னூட்டம் ஏற்றி, அடிக்கடி ஆர்க் (மின்பொறி) அடித்தது. பின்னாளில் கேவிட்டித் தொகுதிகளான மாட்யூல்களைப் புதுப்பித்தபோது வேவ்கைடில் ஒரு வளைவைச் சேர்த்து, விண்டோவைக் கேவிட்டியின் நேர்ப்பார்வையிலிருந்து மறைத்தார்கள். கேவிட்டிக்குள் நின்று பார்த்தால் செராமிக் கண்ணில் படக்கூடாது. இதை நான் முதல் வரைபடத்திலேயே சரிபார்ப்பேன்.

8. விண்டோ ஒன்று போதாதா? எதற்கு இரண்டு?

எஸ்என்எஸ், எல்எச்சி இரண்டிலும் ஒன்றுதான். எக்ஸ்ஃபெல்லில் இரண்டு: ஒன்று 70 கெல்வின் அளவில், இன்னொன்று அறை வெப்பநிலையில். செராமிக் விரிசல் விட்டால் காற்று நேராகக் கேவிட்டிக்குள் பாயாது என்பது ஒரு காரணம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. குளிர்ப்பகுதியை அதன் விண்டோவோடு தூய்மை அறையிலேயே கேவிட்டியில் பொருத்தி மூடிவிடலாம். அதன் பிறகு வெளிவேலை எது நடந்தாலும் கேவிட்டிக்குள் தூசி போகாது. சுமார் 800 கேவிட்டிகளைத் தொழிற்சாலை வேகத்தில் கோக்கும்போது இது பெரிய நிம்மதி.

விலை இரட்டிப்பு, இரண்டு விண்டோக்களுக்கு நடுவே தனி பம்ப், கூடுதல் இன்டர்லாக் (கோளாறு கண்டால் பவரைத் துண்டிக்கும் அமைப்பு) எல்லாம் இதற்குக் கொடுக்கும் கூலி. தொடர்ச்சியாகப் பல நூறு கிலோவாட் போகும் கப்ளரில் குளிர் விண்டோவின் வெப்பத்தை வெளியேற்றுவதே கடினம் என்பதால் அங்கே ஒன்றோடு நிறுத்துவது வழக்கம்.

9. துருப்பிடிக்காத எஃகில் செய்து செம்பு முலாம் பூசுவதற்குப் பதில் முழுச் செம்பிலேயே செய்துவிடலாமே?

செய்யலாம், செய்தால் குழாய் வழியாக அறையின் வெப்பமெல்லாம் கேவிட்டிக்கு வந்து சேரும். அறை வெப்பநிலையில் செம்பு எஃகைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். 2 கெல்வினில் ஒரு வாட்டை வெளியேற்ற, அறையில் முக்கால் கிலோவாட்டிலிருந்து ஒரு கிலோவாட் வரை மின்சாரம் வேண்டும்.

முலாம் இல்லாத எஃகிலோ ரேடியோ அலை தானே சூடாக்கிவிடும். நல்லவேளையாக அலை உலோகத்தின் தோலில்தான் ஓடுகிறது: 1.3 கிகாஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் 1.8 மைக்ரான். எனவே மெல்லிய எஃகுக் குழாயில் 10 மைக்ரான் செம்பு போதும். டிடிஎஃப்-3 கப்ளரில் வெளிக்குழாய்க்கு 10, குளிர்விக்கக் கடினமான உட்கம்பிக்கு 30 மைக்ரான். அந்த 10 மைக்ரான் செம்பே, வெப்பம் கடத்துவதில் கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுக்குச் சமம் என்பதைக் கணக்கில் வையுங்கள். தடிமன் கூடினால் நிலையான வெப்பம் கூடும், குறைந்தால் அலையின் வெப்பம் கூடும். வழியில் 70 கெல்வினிலும் 5 கெல்வினிலும் குழாயைக் குளிர்த்தகடுகளோடு இணைத்து, பெரும்பகுதி வெப்பத்தை மலிவான வெப்பநிலையிலேயே பிடித்துவிடுவார்கள்.

முலாம் பூசும் பட்டறையோடு நெருங்கிப் பழகுங்கள். பெல்லோஸின் உள்மடிப்பில் தடிமன் எவ்வளவு, வெளிமடிப்பில் எவ்வளவு என்று மாதிரியை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பூசிய பிறகு வெற்றிட உலையில் சுட்டால் ஒட்டாத இடம் கொப்புளமாக எழும். கொப்புளம் உலையில் எழுந்தால் நமக்கு லாபம். கேவிட்டிக்குப் பக்கத்தில் உரிந்தால் அந்தக் கேவிட்டி போச்சு.

10. மல்டிபேக்டிங் என்று எல்லோரும் பயப்படுகிறார்களே, அது என்ன? வோல்டேஜ் குறைவாகத்தானே இருக்கிறது?

வோல்டேஜைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 40 மில்லிமீட்டர் விட்டமும் 70 ஓம் மின்மறுப்பும் உள்ள கோஆக்சியல் குழாயில் 250 கிலோவாட் போனால் உட்கம்பியின் மேல் மின்புலம் மீட்டருக்கு 0.8 மெகாவோல்ட்தான். முழு எதிரொளிப்பில் 1.6. வெற்றிடத்தில் இது ஒன்றுமே இல்லை. மல்டிபேக்டிங்குக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை.

சுவரிலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்புகிறது. அலை அதைத் தள்ளி, திசை மாறி, மறுபடி ஒரு சுவரில் மோத வைக்கிறது. மோதும் ஆற்றல் சுமார் 100 முதல் 1500 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் இருந்தால், செம்பிலிருந்து சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் கிளம்பும். பயண நேரமும் அலையின் சுழற்சியும் பொருந்திவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் பெருகும். அது பவரைத் தின்னும், சுவரிலிருந்து வாயுவைக் கிளப்பும், செராமிக்கை ஓரிடத்தில் சூடாக்கி விரிசல் விட வைக்கும். அலுமினா செம்பைவிடப் பல மடங்கு எலக்ட்ரான் உமிழக்கூடியது. அதனால்தான் அதன் மேல் 10 நானோமீட்டர் அளவில் டைட்டேனியம் நைட்ரைடு பூசுகிறார்கள்.

இது எல்லாப் பவரிலும் வராது, பட்டை பட்டையாக வரும். ஃபின்லாந்தின் ஹெல்சின்கி குழுவினர் கோஆக்சியல் குழாய்களைக் கணினியில் அலசிக் கண்ட விதி ஒவ்வொரு வடிவமைப்பாளருக்கும் மனப்பாடம்: வெளிக்குழாயில் கிளம்பி வெளிக்குழாயிலேயே விழும் வகைக்கு, பட்டை விழும் பவர் 'அதிர்வெண் × விட்டம்' என்பதன் நான்காம் அடுக்குக்கும் மின்மறுப்புக்கும் நேர்விகிதம். 40 மில்லிமீட்டரை 60 ஆக்கினால் பட்டைகள் 5 மடங்கு மேலே போய்விடும். விட்டத்தையும் மின்மறுப்பையும் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது. 6-ஆம் கேள்வியில் சொன்னபடி, ஒவ்வொரு துடிப்பிலும் எதிரொளிப்பு முழுதிலிருந்து பூச்சியம் வரை மாறுவதால், பட்டைகளை ஒதுங்கிப் போக இடமே கிடைக்காது.

11. உட்கம்பிக்கு டிசி மின்னழுத்தம் கொடுத்தால் மல்டிபேக்டிங் நின்றுவிடும் என்கிறார்களே?

நின்றுவிடும். எலக்ட்ரானின் பயண நேரத்தை டிசி புலம் குலைத்துவிடுகிறது. எல்இபி முடுக்கியின் 352 மெகாஹெர்ட்ஸ் மீக்கடத்திக் கேவிட்டிகளில் கப்ளர்கள் இந்தத் தொல்லையால் மிகவும் அவதிப்பட்டன. குளிர்ந்த சுவரில் வாயு உறைந்து உமிழ்வைக் கூட்டியது ஒரு காரணம். 2.5 கிலோவோல்ட் கொடுத்த பிறகுதான் அடங்கியது. எல்எச்சியில் அந்தப் பாடத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு 3 கிலோவோல்ட்டுக்கு இடம் வைத்தார்கள்.

இதற்கு உட்கம்பியை வேவ்கைடிலிருந்து மின்காப்புச் செய்ய வேண்டும்; ரேடியோ அலை மட்டும் தாண்டிப் போக ஒரு கெப்பாசிட்டர் போன்ற அமைப்பு வேண்டும். அந்த இடமே ஆர்க் அடிக்கும் புது இடமாகலாம். கடைசியில் தேவைப்பட்டால் சேர்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். வரைபடத்தில் இடமில்லாமல் பின்னால் சேர்க்க முடியாது.

12. சிமுலேஷனில் எதிரொளிப்பு மைனஸ் 40 டெசிபல் வருகிறது. வேலை முடிந்ததுதானே?

எச்எஃப்எஸ்எஸ் அல்லது சிஎஸ்டி என்னும் சிமுலேஷன் மென்பொருளில் அந்த எண் (அனுப்பிய பவரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே திரும்புவது) வருவது எளிதான பகுதி. பிரேசிங்குக்குப் பின் செராமிக் எங்கே உட்கார்ந்தது, அந்தத் தொகுப்பின் மின்காப்பு மாறிலி என்ன என்பதெல்லாம் சிறிது மாறும். அப்போதும் மைனஸ் 25, 30-ஐத் தாண்டி மேலே போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சிக்கூர்மையான மைனஸ் 60-ஐவிட அகலமான மைனஸ் 35 எனக்குப் பிடிக்கும். செராமிக்குக்குள் சிக்கிக்கொள்ளும் ஒத்ததிர்வு எதுவும் இயங்கும் அதிர்வெண்ணுக்கு அருகில் இருக்கக் கூடாது.

அடுத்து அதே புலங்களை வெப்பக் கணக்குக்குள் கொண்டுபோக வேண்டும். செம்பின் மின்தடை வெப்பநிலையோடு மாறும், அதனால் இழப்பு மாறும், மறுபடி வெப்பநிலை மாறும். இதற்குப் பிறகு மல்டிபேக்டிங் கணக்கு, பெல்லோஸின் அழுத்தக் கணக்கு.

13. கண்டிஷனிங் எதற்கு? புதுக் கப்ளரில் நேராக முழுப் பவரைக் கொடுத்தால் என்ன?

சுவரில் ஒட்டியிருக்கும் நீரும் வாயுவும் ஒரேயடியாகக் கிளம்பி, வெற்றிடம் கெட்டு, ஆர்க் அடித்து, செராமிக்கின் மேல் உலோகப் படலம் படியும். கண்டிஷனிங் என்பது அந்த வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, எலக்ட்ரான் மோதலாலேயே சுவரைச் சுத்தமாக்குவது.

டிடிஎஃப்-3 கப்ளர்களை முதலில் சூடேற்றி வாயு நீக்கி, இரண்டிரண்டாக எதிரெதிரே இணைத்து, ஒன்றின் வழியே போன பவர் மற்றதன் வழியே லோடுக்குப் போகும்படி வைப்பார்கள். எக்ஸ்ஃபெல்லுக்கான கப்ளர்களுக்கு இந்த வேலை பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் நடந்தது. 20 மைக்ரோநொடித் துடிப்பில் தொடங்கி மிகக் குறைந்த பவரிலிருந்து 1 மெகாவாட் வரை ஏற்றம். பிறகு 50, 100, 200, 400 மைக்ரோநொடி என்று நீட்டி, ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏறுவது. 800, 1300 மைக்ரோநொடிகளில் 500 கிலோவாட் வரை போதும். வெற்றிட அளவி எல்லையைத் தொட்டால் பவர் தானாக இறங்கும், அடங்கிய பின் மறுபடி ஏறும். எலக்ட்ரான் பிடிக்கும் சிறு ஆன்டெனா, ஆர்க் வெளிச்சத்தைப் பார்க்கும் உணரி, செராமிக்கின் வெப்பநிலை மூன்றும் இன்டர்லாக்கில் இருக்க வேண்டும். இவற்றுக்கான துளைகளையும் வடிவமைப்பிலேயே வைத்துவிடுங்கள்.

14. கப்ளர் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் பீம் ஒரு பக்கமாகத் தள்ளப்படாதா?

தள்ளப்படும். ஆற்றல் மிக்க பீமுக்கு அந்தத் தள்ளு சிறிது. ஆற்றல் குறைந்த, நேர்த்தி வேண்டிய பீமுக்குப் பெரிது. கார்னெல் பல்கலைக்கழகம் தன் இஆர்எல் முடுக்கியின் தொடக்கப் பகுதியான இன்ஜெக்டரில் ஒவ்வொரு கேவிட்டிக்கும் எதிரெதிராக இரண்டு கப்ளர்கள் வைத்தது. பவரும் இரண்டாகப் பிரிந்துவிடுவதால் அங்கே இரட்டை நன்மை. அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தின் எல்சிஎல்எஸ் இயந்திரத்தில், எலக்ட்ரான்களை உண்டாக்கும் துப்பாக்கியிலும் இருபக்க ஊட்டம்தான். போதாததற்கு கேவிட்டியின் குறுக்குவெட்டையே ஓட்டப்பந்தயப் பாதைபோல் மாற்றி, மீதமிருந்த நான்முனைப் புலத்தையும் அழித்தார்கள்.

15. செம்புக் கேவிட்டியில் குளிர், முலாம் பிரச்சினை எல்லாம் இல்லையே. அங்கே கப்ளர் எளிதுதானே?

வெப்பம் வேறு உருவில் வரும். 11.4 கிகாஹெர்ட்ஸில் ஸ்லாக் நடத்திய ஆய்வில் முடுக்கிக் குழாய்களின் கப்ளர் செல்லிலேயே அதிகமாக பிரேக்டவுன் (ஆர்க் அடித்து மின்புலம் குலைவது) நடந்தது. வேவ்கைடு செல்லுக்குள் திறக்கும் இடத்தில் கூர்மையான விளிம்பு. அதில் காந்தப்புலம் குவிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் செம்பின் தோல் 100 டிகிரிக்கு மேல் சூடாகி ஆறியது. அந்த விளிம்பை உருட்டியதும் தொல்லை பெரிதும் குறைந்தது. மின்புல உச்சத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சிக்காது. காந்தப்புல உச்சத்தையும் பட்டியலில் சேருங்கள்.

16. ஏற்கெனவே ஓடும் ஒரு கப்ளரை எடுத்து, நம் அதிர்வெண்ணுக்கு அளவைச் சுருக்கிக்கொண்டால் போதாதா?

நல்ல தொடக்கம், நடந்தும் இருக்கிறது. எஸ்என்எஸ்ஸின் 805 மெகாஹெர்ட்ஸ் கப்ளர், ஜப்பானின் கேஇகேபி முடுக்கியின் 508 மெகாஹெர்ட்ஸ் கப்ளரை அடிப்படையாகக் கொண்டதுதான். 10-ஆம் கேள்வியின் விதியில் 'அதிர்வெண் × விட்டம்' மாறாதபோது மல்டிபேக்டிங் பட்டைகளும் அதே பவரில்தான் நிற்கும். மூலக் கப்ளரில் கண்ட பட்டைகளை அப்படியே எதிர்பார்க்கலாம். எதிரொளிப்பும் மாறாது.

மாறுவது வேறு. எல்லா அளவையும் 1.6-ஆல் சுருக்கினால், அதே பவருக்கு மின்புலம் 1.6 மடங்கு. வெப்பம் வெளியேறும் பரப்பு இரண்டரை மடங்கு சுருங்கும். அலை ஓடும் தோலும் மெலிவதால் இழப்பு ஏறும். முலாமின் தடிமனோ பெல்லோஸின் தகடோ கூடவே சுருங்காது. கேஇகேபி தொடர்ச்சியாக ஓடிய இயந்திரம். எஸ்என்எஸ்ஸில் உச்சம் 550 கிலோவாட் என்றாலும் துடிப்புகளுக்கு நடுவே ஓய்வு கிடைப்பதால் சராசரி அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அந்தச் சுருக்கம் அங்கே பலித்தது. உங்கள் இயந்திரம் தொடர்ச்சியாக ஓடப்போகிறது என்றால், மூலக் கப்ளரிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 9-ஆம் கேள்வியின் வெப்பக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.